காலி ஸ்பிட்சரின் டின்டைப் முகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உருவப்படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில் முதல் நாளே நான் காட்டுவது காலி ஸ்பிட்சரின் படங்களைத்தான். கறுப்புத் தகட்டில் வெள்ளியால் ஆன முகங்கள்; இந்த வகைப் படத்துக்கு டின்டைப் என்று பெயர். திரையில் முதல் முகம் வந்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் பேசாது. அப்புறம் கேள்விகள் வரும். ஒவ்வொரு ஆண்டும் கிட்டத்தட்ட அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே எழுதி, என்னால் முடிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

யார் சார் இவங்க? கேள்விப்பட்டதே இல்லையே.

கனடாவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர். அப்பா வழியில் காஸ்கா டெனா என்ற பூர்வகுடி மக்களைச் சேர்ந்தவர். அவர்களுடைய ஊர் டேலு. வரைபடத்தில் லோயர் போஸ்ட் என்றிருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடக்கு எல்லையில், யூக்கானை ஒட்டி இருக்கிறது. அம்மா வழியில் யூதர். ருமேனியாவின் டிரான்சில்வேனியாவைச் சேர்ந்த குடும்பம். தன்னைக் குயர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர்.

அமெரிக்காவில், நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே நகரிலுள்ள அமெரிக்க இந்தியக் கலைகள் கழகத்தில் ஒளிப்படம் படித்தார். அங்கே வில் வில்சன் என்ற டினே (நவஹோ) கலைஞரிடம் பழைய ரசாயன முறைகளைக் கற்றார். ஃபிலிமிலும் படம் எடுப்பார், பெரிய எட்டுக்குப் பத்து அங்குலக் கேமராவில் ஈரத்தகட்டிலும் (ரசாயனம் பூசிய தகடு காய்வதற்குள் எடுத்து முடிக்கும் பழைய முறை) எடுப்பார். நாம் வகுப்பில் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஈரத்தகட்டுப் படங்களை.

காஸ்கா டெனான்னா செவ்விந்தியர்தானே?

நம் பள்ளிப் புத்தகங்களில் அப்படிப் படித்தோம். தோலின் நிறத்தையும், கொலம்பஸ் வழி தவறி வைத்த பெயரையும் சேர்த்து ஒட்டிய சொல் அது. அவரவர் மக்களின் பெயரைச் சொல்வதுதான் சரி: காஸ்கா டெனா, டினே, ஹைடா. பொதுவாகச் சொல்ல வேண்டுமென்றால் பூர்வகுடிகள் எனலாம்.

ஸ்பிட்சர் தன்னைப் பற்றிய குறிப்புகளில் தான் வாழும் இடத்தையும் வான்கூவர் என்று சொல்லி நிறுத்துவதில்லை. ஸ்லேல்-வாட்டூத், ஸ்குவாமிஷ், மஸ்குவியம் மக்கள் யாருக்கும் எழுதிக்கொடுக்காத நிலம் என்று சேர்த்துச் சொல்வார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதி நிலத்துக்கு ஒப்பந்தம் எதுவும் போடப்பட்டதே இல்லை என்பதால், அந்த வார்த்தைக்கு அங்கே சட்டப் பொருளும் உண்டு.

குயர்னா திருநங்கையா?

இல்லை. ஆண்-பெண், ஆணுக்குப் பெண் பெண்ணுக்கு ஆண் என்ற வழக்கமான கட்டங்களுக்குள் அடங்காத பலரையும் சேர்த்துக் குறிக்கும் சொல் குயர். தமிழில் பால்புதுமையர் என்கிறோம். திருநங்கையரும் திருநம்பியரும் அதில் வருவார்கள். தற்பால் ஈர்ப்புள்ளவர்கள், இருபால் ஈர்ப்புள்ளவர்கள், இரண்டு பாலிலும் தன்னை வைத்துக்கொள்ளாதவர்கள் என்று இன்னும் பலரும் வருவார்கள்.

வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் இன்னொரு சொல்லும் உண்டு: டூ-ஸ்பிரிட், அதாவது இரண்டு ஆன்மா உடையவர். 1990-ல் வின்னிபெக் நகரில் பூர்வகுடித் தற்பாலீர்ப்பாளர்கள் கூடிய மாநாட்டில் அவர்களே தேர்ந்து ஏற்றுக்கொண்ட சொல் அது. வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே பல பூர்வகுடிகளிடம் ஆண், பெண் தவிர வேறு பாலினப் பாத்திரங்களும், அவற்றுக்கு அந்தந்த மொழியில் பெயர்களும் இருந்தன என்பதை நினைவுபடுத்தும் சொல். பூர்வகுடி அல்லாத ஒருவர் அதைத் தனக்கு வைத்துக்கொள்வது முறையில்லை. "அவங்க ஊர்த் திருநங்கை" என்று மொழிபெயர்ப்பதும் தவறு.

டின்டைப்னா தகரத்துல எடுக்கிற படமா?

பெயர்தான் டின். அந்தக் காலத்தில் கறுப்பு மெழுகெண்ணெய் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. இன்று பெரும்பாலும் கறுப்பு அலுமினியம். 1851-ல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது.

செய்முறை இப்படி. அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் பாகுபோல ஒரு திரவம் வரும். அதுதான் கொலோடியன். அயோடைடு, புரோமைடு உப்புகள் கலந்த அந்தத் திரவத்தைத் தகட்டின் நடுவில் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி சாய்க்க வேண்டும். தோசைக் கல்லில் மாவு பரப்புகிற மாதிரி என்று நினைத்தால் கை ஏமாற்றிவிடும்; இதில் கரண்டி கிடையாது, மணிக்கட்டுதான் எல்லாம். பிறகு இருட்டறையில் சில்வர் நைட்ரேட் கரைசலில் சுமார் மூன்று நிமிடம் ஊறவைக்க வேண்டும். அப்போதுதான் தகட்டுக்கு வெளிச்சத்தை உணரும் சக்தி வரும்.

அந்த ஈரம் காய்வதற்குள், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள், கேமராவில் வைத்து, படம் எடுத்து, இரும்பு சல்பேட் ஊற்றி டெவலப் செய்து, தண்ணீரில் கழுவி முடித்தாக வேண்டும். கடைசியில் ஃபிக்சர் என்ற கரைசலில் போடும்போது ஒன்று நடக்கும். அதுவரை நீலம் பூத்த நெகட்டிவ் மாதிரி மங்கிக் கிடந்த முகம், கண் முன்னே தெளிந்து பாசிட்டிவாக மேலே வரும். படத்தில் உட்கார்ந்தவரே பக்கத்தில் நின்று அதைப் பார்க்கலாம். தன் முகம் தண்ணீருக்கடியிலிருந்து எழுந்து வருவதை ஒருவர் பார்க்கும் அந்த நொடியை நான் வேறு எந்த முறையிலும் கண்டதில்லை.

எல்லார் முகமும் ஏன் இவ்வளவு கறுப்பா, இறுக்கமா இருக்கு? சிரிக்கவே மாட்டாங்களா?

இரண்டு காரணம், இரண்டும் ரசாயனம்தான். ஈரத்தகடு நீலத்தையும் புற ஊதாக் கதிரையும் மட்டுமே நன்றாகப் பார்க்கும். சிவப்பு அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. அதனால் சிவப்பும் பழுப்பும் கலந்த தோல் நேரில் இருப்பதைவிடக் கறுத்துத் தெரியும். முகப் புள்ளிகள் எடுப்பாக வரும். நீலக் கண் வெளிறிப்போகும். நியூசிலாந்தின் மாவோரி மக்களின் முகப் பச்சை 19-ஆம் நூற்றாண்டில் இந்த முறையில் எடுத்த படங்களில் மறைந்தே போயிருக்கிறது. ஆக, கேமரா பொய் சொல்லாது என்ற நம்பிக்கையை இந்தத் தகட்டிடம் வைக்கக் கூடாது. இன்னொன்று: படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி இருக்கும். சட்டையில் எழுத்து இருந்தால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியதுதான்.

இறுக்கத்துக்குக் காரணம், தகட்டின் வேகம் மிகக் குறைவு. பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். புன்னகையை அவ்வளவு நேரம் பிடித்து வைத்தால் அது பல்லைக் காட்டுவதாகிவிடும். உடம்பைத் தளர்த்தி, மூச்சை இறக்கி, லென்ஸை நேராகப் பார்ப்பதுதான் எளிது. அந்தப் பார்வையைத்தான் நாம் இறுக்கம் என்கிறோம். எனக்கு அது நிதானமாகத் தெரிகிறது.

டிஜிட்டல்ல எடுத்துட்டு ஒரு ஃபில்டர் போட்டா இதே மாதிரி வந்துடுமே?

தோற்றம் வரும். ஓரங்களில் வழிந்த கறையைக்கூட ஃபில்டர் போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் ஒரு தகட்டுக்கு அரை மணி நேரம் இரண்டு பேர் சேர்ந்து உழைக்கிற அந்த நேரம் வராது. டிஜிட்டலில் முந்நூறு படம் சுட்டு, அதில் நமக்குப் பிடித்த ஒன்றை நாமே எடுத்துக்கொள்கிறோம். உட்கார்ந்தவர் கண் அயர்ந்த நொடியும் அதில் நமக்குக் கிடைத்துவிடுகிறது. தகட்டில் அப்படித் திருட முடியாது. லென்ஸ் மூடியைத் திறக்கும் நேரம் அவருக்கும் தெரியும். எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவுசெய்து அவர் அதற்குள் வந்து உட்கார்ந்திருப்பார்.

பழைய காலத்துலயே இவங்களை அழகா எடுத்திருக்காங்களே, எட்வர்ட் கர்டிஸ்?

எடுத்திருக்கிறார், அழகு என்பதிலும் சந்தேகமில்லை. கர்டிஸ் என்ற அமெரிக்க ஒளிப்படக்காரர் பூர்வகுடிகளைப் பற்றி 1907 முதல் 1930 வரை வெளியிட்டது 20 தொகுதிகள், 2,200-க்கும் மேற்பட்ட அச்சுப் படங்கள். பணம் கொடுத்தவர் ஜே. பி. மோர்கன் என்ற பெரும் வங்கியாளர். உழைப்பில் குறை சொல்ல முடியாது. பாட்டுகளையும் மொழிகளையும் மெழுகு உருளைகளில் பதிந்து வைத்தார். இன்று தன் கொள்ளுப்பாட்டியின் முகத்தை அந்தத் தொகுதிகளில் தேடிப் போகும் பூர்வகுடிக் குடும்பங்களும் உண்டு.

ஆனால் அவர் மனதில் முதலிலேயே ஒரு முடிவு இருந்தது: இவர்கள் மறைந்துகொண்டிருக்கும் இனம். 1904-ல், நவஹோக்கள் குதிரையில் இருட்டை நோக்கிப் போகும் படத்துக்கு அவர் வைத்த பெயரே அதுதான். அந்த முடிவுக்கு ஒத்துவராததைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார். 1910-ல் எடுத்த ஒரு படத்தில் பீகன் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த இரண்டு ஆண்கள் கூடாரத்தில் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு கடிகாரம். அச்சுக்குப் போனபோது கடிகாரம் இல்லை, சுரண்டி மறைத்துவிட்டார்கள். கடிகாரம் வைத்திருக்கிறவர் இந்தக் காலத்து மனிதர் ஆகிவிடுவாரே! பல படங்களில் ஆளின் பெயரும் கிடையாது. 'ஒரு நவஹோ', 'ஒரு ஸூனி ஆளுநர்', அவ்வளவுதான்.

ஸ்பிட்சரின் படங்களின் கீழே இருப்பது உட்கார்ந்தவரின் பெயர், கூடவே அவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்ற விவரம். கர்டிஸ் அழித்த கடிகாரம் போன்றவையும் இங்கே அழிவதில்லை. காதில் பெரிய மணிக் கம்மல் போட்டவர், உடம்பில் பச்சை குத்தியவர், தலையை ஒட்ட வெட்டியவர் எல்லாரும் இன்றைய ஆட்களாகவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்படின்னா அதே பழைய கருவியை இவர் ஏன் எடுக்கணும்? முரணா இல்லையா?

வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முரண்தான், தெரிந்தே எடுத்துக்கொண்ட முரண். பூர்வகுடி உடல்களின் காட்சி வரலாற்றைக் காலனியப் பார்வைக்கு அப்பால் திருத்தி எழுதுவதே தன் நோக்கம் என்று ஸ்பிட்சர் சொல்லியிருக்கிறார். திருத்துகிறவர் அதே ஏட்டில்தான் திருத்த முடியும். 19-ஆம் நூற்றாண்டுப் படம் போலத் தோன்றும் ஒன்றில் 21-ஆம் நூற்றாண்டு ஆள் உட்கார்ந்து நம்மைப் பார்க்கும்போது, மறைந்த இனம் என்ற கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

இவருடைய ஆசிரியர் வில் வில்சனும் இதே கேள்வியோடு வேலை செய்தவர். 2012-ல் அவர் தொடங்கிய திட்டத்தில், கூடாரம் அமைத்து வருகிறவர்களை டின்டைப் எடுப்பார். தகடு உட்கார்ந்தவருக்கு; அதன் ஸ்கேன் பிரதி மட்டும் வில்சனுக்கு. பரிமாற்றம் என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. டின்டைப்புக்கு நெகட்டிவ் கிடையாது, உலகத்தில் ஒரே ஒரு தகடுதான். அந்த ஒன்றையும் கொடுத்துவிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது தகடு ஊற்றிப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

சில படங்கள்ல உடம்பு திறந்திருக்கே, அது எதுக்கு?

அந்த உடம்புகளுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். பூர்வகுடிப் பெண்களும் குயர் மனிதர்களும் கனடாவில் காணாமல் போவதையும் கொல்லப்படுவதையும் பற்றி ஒரு தேசிய விசாரணையே நடந்து, 2019 ஜூனில் அறிக்கை வந்தது. பெண்கள், சிறுமிகளோடு டூ-ஸ்பிரிட், குயர் மனிதர்களையும் அந்த விசாரணை சேர்த்தே பேசியது. செய்தியில் இந்த உடம்புகள் வருவது பெரும்பாலும் பிணமாக, அல்லது எண்ணிக்கையாக.

ஸ்பிட்சரின் தொடருக்குத் தலைப்பே மீண்டெழுதலும் எதிர்த்து நிற்பதும் பற்றியது. அதில் தோளைத் திறந்து உட்கார்ந்திருப்பவர், எவ்வளவு திறப்பது என்பதைத் தானே முடிவுசெய்தவர். மேலே சொன்ன நேரான பார்வையை இங்கே மறுபடி கவனியுங்கள். பார்க்கிற நம்மை அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

உறைவிடப் பள்ளி பத்தி எல்லாரும் பேசறாங்க. பள்ளிக்கூடம் நல்லதுதானே?

இது கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன பள்ளி. அரசு பணம் கொடுக்க, கிறித்துவச் சபைகள் நடத்தின. தலைமுடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசினால் அடித்தார்கள். நூறு ஆண்டுக்கு மேல், சுமார் 1,50,000 பிள்ளைகள். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-ல் தந்த இறுதி அறிக்கை இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றது. லோயர் போஸ்டிலும் ஒரு பள்ளி 1951 முதல் 1975 வரை இருந்தது. கட்டடத்தை 2021-ல்தான் இடித்தார்கள்.

ஸ்பிட்சரின் அப்பா உறைவிடப் பள்ளியிலிருந்து மீண்டு வந்தவர். பால் வேறுபாடு பற்றிய பழைய புரிதல்கள் அழிந்ததற்கும் இந்தப் பள்ளிகளே பெரிய காரணம். பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் யாருக்கும் இடமில்லை. மூன்றாவது கேள்வியில் சொன்ன அந்தப் பெயர்களைப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாமல் போனது இப்படித்தான்.

அம்மா யூதர்னா, இவர் பாதிதானே பூர்வகுடி?

இந்தப் பாதி, கால் கணக்கை ஆரம்பித்தவர்கள் பூர்வகுடிகள் இல்லை. 1876-ல் கனடா கொண்டுவந்த இந்தியர் சட்டம், யார் பூர்வகுடி என்பதை அரசே முடிவு செய்யும் என்றது. பூர்வகுடிப் பெண் வெளியாளை மணந்தால் அவளுடைய அந்தஸ்து போய்விடும். பூர்வகுடி ஆண் வெள்ளைக்காரியை மணந்தால் அவளுக்குக்கூட அந்தஸ்து கிடைக்கும். 1985 வரை இதுதான் நிலை. மக்கள் தொகையைக் காகிதத்தில் குறைக்கும் வழி இது. சாதி மாறிக் கல்யாணம் செய்தவளை ஊர்க் கணக்கிலிருந்து நீக்கும் வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் வலியைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஸ்பிட்சர் இரண்டு வழியையும் முழுசாகச் சொல்லிக்கொள்கிறார். ஒரு பக்கம் பள்ளியிலிருந்து மீண்ட அப்பா, மறுபக்கம் டிரான்சில்வேனியாவின் யூதக் குடும்பம். அவர் படம் எடுக்கும் பலரும் கலப்பு மரபினர்.

வேட்டை, தோல் பதப்படுத்தறதுன்னு ஏதேதோ செய்யறாராமே?

ஆமாம். இருபது வயதில் வடக்கே திரும்பிப் போய், பெரியவர்களோடு இருந்து வேட்டை, மீன்பிடி, கண்ணி வைப்பது, மூஸ், கரிபூ என்ற மான் வகைகளின் தோலைப் பதப்படுத்துவது, மணி கோப்பது எல்லாம் கற்றார். மூஸ் தோல் ஒன்றை முடிக்கச் சதை சுரண்டி, மயிர் சுரண்டி, மூளையைத் தேய்த்து ஊறவைத்து, பிழிந்து இழுத்து, புகை போட வேண்டும். நாள்கணக்கில் பல கை வேண்டும். இந்த வேலைகளை அவர் படமாகவும் எடுத்து வைத்திருக்கிறார், செய்யத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே.

படத்துல இருக்கிற எல்லாரும் குயரா?

இல்லை. யார், யார் இல்லை என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. வகுப்பில் அந்த விளையாட்டை நான் விடுவதில்லை.

இவரை மாதிரி வேற யாரையெல்லாம் பார்க்கலாம்?

ரோசலி ஃபவெல்லிலிருந்து தொடங்குங்கள். வின்னிபெக்கில் பிறந்த, மெட்டிஸ் என்ற பூர்வகுடி மக்களைச் சேர்ந்த கலைஞர், தற்பாலீர்ப்புள்ளவர். தானும் தன் காதலியும் இருக்கும் போலராய்டுகளை 1990-களிலேயே கலையாக்கியவர். 2008-ல் தொடங்கி நூற்றுக்கணக்கான பூர்வகுடிக் கலைஞர்களை வெற்றுத் திரை முன்னால் நிறுத்திக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். அடுத்து டேனா டேஞ்சர், டூ-ஸ்பிரிட் கலைஞர். கொம்புகளோடு நிற்கும் உடம்புகளை எடுத்த அவருடைய பெரிய வண்ணப் படங்களைப் பார்த்தால், உடம்பு பற்றிய கேள்விக்கு இன்னொரு விதமான பதில் கிடைக்கும்.

கனடா கதை நமக்கு எதுக்கு சார்?

நமக்கும் ஒரு கர்டிஸ் வரலாறு உண்டு. 1868 முதல் 1875 வரை ஆங்கில அரசு இந்திய மக்களைச் சாதி வாரியாக, இன வாரியாகப் படம் எடுத்து 8 தொகுதிகள் போட்டது. 1857 கலகத்துக்குப் பிறகு, ஆளப்படுகிறவர்களை அடையாளம் தெரிந்துகொள்ளும் அவசரம். அப்புறம் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து, படம் எடுத்து, 1909-ல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டார். நீலகிரியின் தோடர்கள் அந்தக் காலத்து ஒளிப்படக்காரர்கள் பலருக்கும் பிடித்த காட்சிப்பொருள். அந்தப் படங்களைத்தான் இன்றும் புத்தக அட்டையில் எடுத்துப் போடுகிறோம், இது யார் என்று கேட்காமலே.

நான் ஒரு பழங்குடி ஊருக்குப் படம் எடுக்கப் போறேன். திருநங்கைத் தோழிகளையும் எடுக்க ஆசை. என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?

முதல் தடவை கேமரா இல்லாமல் போங்கள். எடுப்பதற்கு முன்னால், படத்தின் கீழே என்ன எழுத வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். பெயரா, ஊரா, இரண்டும் வேண்டாமா. எடுத்ததை அங்கேயே காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழியுங்கள். பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள்; வாட்ஸ்அப்பில் அனுப்புவது பிரிண்ட் ஆகாது.

படம் எடுக்கச் சம்மதம் என்பது வேறு, வெளியிடச் சம்மதம் என்பது வேறு. குயர் மனிதர்கள் விஷயத்தில் இதை இரண்டு தடவை, மூன்று தடவை கேட்க வேண்டும். நண்பர்களுக்குத் தெரிந்தது வீட்டுக்குத் தெரிந்திருக்காது. வீட்டுக்குத் தெரிந்தது வேலை பார்க்கும் இடத்தில் தெரிந்திருக்காது. இன்று சரி என்றவர் அடுத்த மாதம் வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் திருநம்பித் தம்பி ஒருவரைப் பெரிய ஃபிலிம் கேமராவில் எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல முகங்களில் ஒன்று. சின்னக் கண்காட்சி ஒன்றில் மாட்டத் தயாராக இருந்தேன். அதற்கு ஒரு வாரம் முன்னால் போன் செய்தார்: "அண்ணா, அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கறாங்க. இப்ப வேணாமே." நெகட்டிவையும் பிரிண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்காவின் கல்யாணம் முடிந்து, குழந்தையும் பிறந்துவிட்டது. உறை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.